சாலையில் அடிபட்ட கோழியும் வாத்தும்: ஃப்ளை கட்ட எந்த இறகு தேறும், எது தேறாது

டெல்டாவில் விராலுக்கும் கொடுவாவுக்கும் ஜிலேபிக்கும் ஃப்ளை (முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்யும் செயற்கைத் தூண்டில் இரை) கட்டுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கியே ஆகவேண்டிய இறகு ஒன்றுதான்: நீர்மேல் மிதக்கும் சின்ன ஃப்ளைகளுக்கான விறைப்பான சேவல் ஹாக்கில் (முள்ளைச் சுற்றிக் கட்டும் இறகு). மற்றதெல்லாம் மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி சாலையிலும் கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையிலும் அடிபட்டுக் கிடக்கிற கோழியிலும் வாத்திலுமே தேறிவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. பறவை வீட்டில் வளர்த்ததாக இருக்கவேண்டும். செத்து மூன்று மணி நேரத்துக்குள் கைக்கு வந்திருக்கவேண்டும்.

அந்த இறகு ஒவ்வொன்றும் எதற்கு உதவும், அதைச் சுத்தம் செய்யவும் கெடாமல் வைக்கவும் கடையில் வாங்கும் சரக்கில் எது உருப்படி, இணையத்தில் விற்கும் இறகுப் பொட்டலத்தோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்பதுதான் இங்கே மதிப்பீடு.

முதலில் எதைத் தொடக்கூடாது

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. இங்கிலாந்தில் சாலையில் அடிபட்ட பறவையின் இறகு என்றால் பெரும்பாலும் ஃபெசன்ட். வேட்டைக்கென்றே வளர்த்து வெளியே விடப்படுவது. நம் சாலைகளில் அடிபடுவது மைனா, செம்போத்து, பனங்காடை, மடையான், மயில். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் சரணாலயங்களை ஒட்டிய சாலைகளில் கொக்கும் நத்தைகுத்தி நாரையும்கூட. இவற்றில் ஒன்றின் இறகையும் எடுக்கக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, செத்துக் கிடந்த காட்டுயிரும் அரசின் சொத்து. இறகும் அந்த வரையறைக்குள் வருகிறது. தெரியாமல் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்கவேண்டும். "நான் கொல்லவில்லை, வண்டி அடித்தது" என்பது இதற்குப் பதிலாகாது.

காக்கை இறகு எடுக்கலாம் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். பழைய சட்டத்தில் காகம் ஐந்தாம் அட்டவணையில் இருந்ததால் வந்த பேச்சு அது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அட்டவணைகள் நான்காகச் சுருங்கின; தீங்குயிர்களுக்கான அந்த அட்டவணை இப்போது இல்லை. கறுப்பு இறகு வேண்டுமென்றால் கறுப்பு நாட்டுக்கோழி போதும்.

மயிலைத் தனியே சொல்லவேண்டும். டெல்டாவின் வயல்வெளிச் சாலைகளில் மயில் இப்போது சாதாரணக் காட்சி. ஃப்ளை கட்டுகிறவருக்கு அதன் தோகை இழை மிக வேண்டிய பொருளும்கூட. தானாக உதிர்ந்த வால் தோகைக்கு உள்நாட்டில் சட்ட விலக்கு இருக்கிறது. செத்த மயிலிலிருந்து பிடுங்கியதற்குக் கிடையாது. அடிபட்ட மயிலைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கண் உள்ள தோகை ஒன்றே இருபது, முப்பது சின்ன ஃப்ளைகளின் உடலுக்குப் போதும் என்பதால் இதில் பேராசைப்பட ஒன்றுமில்லை.

இறகு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இந்தக் கலையில் சின்ன விஷயமே இல்லை. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோனது, பழங்காலச் சால்மன் ஃப்ளை கட்டுவதற்கான அரிய இறகுகளுக்காகத்தான். பனங்காடையின் நீலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் வெள்ளைக் கோழி இறகில் நீலச் சாயம் ஏற்றிக்கொள்ளலாம். விராலுக்கு வித்தியாசம் தெரியாது.

கையில் எடுக்குமுன்

டெல்டாவில் கோழி அடிபடுவதற்குப் பருவம் உண்டு. அறுவடை முடிந்து சாலையில் நெல் காயப்போடும் நாட்களிலும், கொள்முதல் நிலைய வாசலில் நெல் சிந்திக் கிடக்கும் நாட்களிலும் கோழிகள் தார்ச்சாலைக்கு வந்துவிடும். குறுவைக்குப் பிறகும் சம்பாவுக்குப் பிறகும் தாள் வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் மந்தையைச் சாலை கடத்தும்போது ஒன்றிரண்டு வாத்து சிக்கும். இரண்டுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். பக்கத்து வீட்டிலோ மந்தைக்காரரிடமோ கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கறிக்கு எடுத்துக்கொள்கிறவர்களும் "இறகை மட்டும் எடுத்துக்கங்க தம்பி" என்பார்கள்.

அடிபட்டுச் செத்ததா, நோயில் செத்ததா என்று பார்ப்பது அடுத்த வேலை. வண்டி அடித்த பறவையில் எலும்பு முறிவோ வெளிக்காயமோ தெரியும். கொண்டை இயல்பான நிறத்தில் இருக்கும். காயமே இல்லாமல் கிடந்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருந்தாலோ, தலை வீங்கியிருந்தாலோ, பின்பக்க இறகில் பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல் ஒட்டியிருந்தாலோ தொடவேண்டாம். கோடையில் நாட்டுக்கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் நோயும் பறவைக் காய்ச்சலும் இப்படித்தான் காட்டும். வாத்து இன்னும் ஏமாற்றும்: பறவைக் காய்ச்சல் கிருமி இருந்தும் வெளியே எதுவும் காட்டாமல் திரியக்கூடியது அது. ஒரே இடத்தில் மூன்று, நான்கு பறவை செத்துக் கிடந்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நோய் எச்சரிக்கை உள்ள மாதங்களில் இந்த வேலையையே நிறுத்திவிடுவது நல்லது. மற்ற நாளிலும் நைட்ரில் கையுறை, என்95 முகக்கவசம் இல்லாமல் இறகைப் பிடுங்கக்கூடாது. காய்ந்த எச்சத்தூள் மூக்கில் ஏறுவதுதான் ஆபத்து.

மூன்று மணி நேரக் கணக்குக்கு வருவோம். கத்திரி வெயிலில் தார்ச்சாலையில் கிடக்கும் கோழிக்கு அதுவே அதிகம். மார்கழி விடியலில் ஆறு மணி நேரம்கூடத் தாங்கும். கடிகாரத்தை விட வயிற்றை நம்பலாம். வயிற்றுப்பக்க இறகில் நான்கைந்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். தோலோடு சேர்ந்து எழும்பினால் பறவை புதிது. சத்தமில்லாமல் கழன்று வந்தால் தோல் அழுகத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து கழுத்துத் தோலை முழுசாக உரிக்க முடியாது. உதிரி இறகு மட்டும் எடுக்கலாம். கண்ணோரத்திலும் வாயிலும் வெள்ளை வெள்ளையாக ஈ முட்டை இருந்தால் அதுவும் வேண்டாம். மழையில் நனைந்து கிடந்தது பார்க்க அலங்கோலமாக இருக்கும், ஆனால் இறகு கெட்டிருக்காது. கழுவி உலர்த்தினால் எழுந்துவிடும்.

எந்தப் பறவை எதற்கு

நாட்டுச் சேவலுக்குத்தான் முதலிடம். ஒரு வயது கடந்த சேவலாக இருந்தால் கழுத்திலும் இடுப்பிலும் நீண்டு தொங்கும் இறகு கிடைக்கும். இதன் இறகு மிருதுவானது: நடுநரம்பை ஒட்டிய பஞ்சுப்பகுதி பாதி நீளம் வரை ஏறியிருக்கும். மேல்மிதக்கும் ஃப்ளைக்கு அது குறை, ஆனால் தண்ணீருக்குள் ஓடும் ஃப்ளைக்கு அதுவே பலம், நனைந்ததும் மீன்குஞ்சு போல நெளியும். கொடுவாவுக்கு எல்லோரும் கட்டும் டிசீவர் என்ற ஃப்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் கடைசியில் லெஃப்டி க்ரே அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் வரியன் பாஸ் மீனுக்காக உருவாக்கியது. 1/0 அல்லது 2/0 அளவுத் தூண்டில் முள்ளில், பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு இடுப்பிறகு, 8 முதல் 10 செ.மீ. நீளம், உட்குழிவு ஒன்றையொன்று பார்க்கும்படி கைகூப்பினாற்போல் வைத்துக் கட்டவேண்டும். ஒரு நல்ல சேவலில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஃப்ளைக்கு இறகு தேறும். அடியில் உள்ள பஞ்சை உருவிவிட்டுத்தான் கட்டவேண்டும். பஞ்சோடு கட்டினால் முள்ளின் வளைவில் வால் சுற்றிக்கொள்ளும், வீச்சு பாழ். இந்த ஃப்ளையின் கழுத்துக்கு அமெரிக்கர் வைப்பது அவர்கள் ஊர் மான் வால் மயிர். இங்கே மான் மயிரைத் தொட முடியாது. வெள்ளாட்டு வால் மயிர் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

செவலை, கறுப்பு, சாம்பல், வரிப்புள்ளி எல்லாமே கிடைக்கும். கலங்கிய வாய்க்காலில் விராலுக்குக் கறுப்பும் செவலையும். முத்துப்பேட்டை, பழையாறு முகத்துவார நீருக்கு வெள்ளையும் சாம்பலும். வாலில் உள்ள அரிவாள் வளைவு இறகை எறிந்துவிடாதீர்கள். அதற்குச் சற்று மேலே, இடுப்பும் வாலும் சேருமிடத்தில், அகலமாகத் துவண்டு கிடக்கும் இறகுதான் 1/0 முள்ளில் ஃப்ளையின் கழுத்துச் சுற்றுக்கு மிகச் சிறந்தது. பொட்டலத்தில் தனிப்பெயர் போட்டு விற்பது இதைத்தான்.

சண்டைச் சேவலில் இறகு குறைவு, ஆனால் குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும். உள்ளூர்ப் பறவையில் மிதக்கும் ஃப்ளைக்கு ஓரளவு கிட்டே வருவது இது ஒன்றுதான். அதுவும் 10ஆம் எண் முள்ளை விடச் சின்ன முள்ளுக்கு ஆகாது.

பெட்டைக்கோழிக் கழுத்திறகு நுனி உருண்டு, மிருதுவாக இருக்கும். 10, 12ஆம் எண் முள்ளில் ஜிலேபிக்கும் கெண்டைக்கும் கட்டும் நீரடி ஃப்ளைக்கு ஒன்றரைச் சுற்று போதும். மூன்று சுற்றுச் சுற்றிக் குஞ்சம் போல ஆக்குவதுதான் புதிதாகக் கட்டுகிறவர்கள் செய்யும் தவறு. அப்படிக் கட்டினால் அது மூழ்காது.

பல்லடம், நாமக்கல் பக்கமிருந்து வரும் லாரியிலிருந்து விழும் கறிக்கோழி? விட்டுவிடலாம். ஐந்தாறு வாரக் குஞ்சு அது. உடம்பு பெரிதே தவிர இறகு முதிராதது. பாதி இறகின் காம்பில் ரத்தம் இருக்கும், காய்ந்ததும் சுருங்கி நாறும். தொடையோரப் பஞ்சிறகு மட்டும் 8ஆம் எண் முள்ளில் ஊலி பக்கர் என்ற நீரடி ஃப்ளையின் வாலுக்கு ஆகும். அதற்காக நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்துவது உயிருக்கு மதிப்பில்லாத வேலை.

வான்கோழி அபூர்வமாகத்தான் அடிபடும். கிடைத்தால் தவறவிடாதீர்கள். மராபூ என்று விற்கும் நீண்ட பஞ்சிறகு ஒரு காலத்தில் மராபூ நாரையிலிருந்து வந்தது. இன்று உலகம் முழுக்க அது வான்கோழி இறகுதான். மார்பின் பக்கவாட்டிலும் தொடையிலும் இருக்கும். கின்னிக்கோழியின் வெள்ளைப் பொட்டு இறகு, கழுத்துச் சுற்றுக்கும் தொண்டைக்கும்.

வாத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் டெல்டாவில் வீணாகும் இறகிலேயே மதிப்புள்ளது அதுதான். மேய்ச்சல் மந்தையில் ஆண் வாத்தின் விலாவில், சாம்பல் மேல் மெல்லிய கோடு ஓடும் இறகு இருக்கும். ஃப்ளையின் சிறகுக்கு அது நேர்த்தி. இறக்கையின் பெரிய இறகை இடது, வலது பிரித்து, எண்ணிட்டு ஜோடியாகக் கட்டிவைக்கவேண்டும். வலது இறகுக்கு வலது இறகையே ஜோடி போட்டால் ஃப்ளை தண்ணீரில் சுழலும்.

வால் அடியில், மேல்பக்கம், எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. அதைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற சின்ன இறகுதான் சிடிசி (பிரெஞ்சில் cul de canard). பொட்டலத்தில் யானை விலைக்கு விற்பது. 1920களில் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பக்கம் இதை வைத்து மிதக்கும் ஃப்ளை கட்டத் தொடங்கினார்கள். எண்ணெய் இருப்பதால்தான் மிதக்கிறது என்பது பாதி உண்மை. இழைக்குள் இழையாகப் பிரிந்த அதன் அமைப்பு காற்றைப் பிடித்து வைக்கிறது, அதனால்தான் சாயமிட்டுக் கழுவியதும் மிதக்கிறது. இருந்தாலும் இதைச் சோப்பில் ஊறப்போடாதீர்கள். வெறும் வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உதறிப்போடுங்கள். ஒரு வாத்தில் இரண்டு சிட்டிகைதான் வரும். 12ஆம் எண் முள்ளுக்கு ஃப்ளை ஒன்றுக்கு இரண்டு, மூன்று இறகு போதும். சேவல் ஹாக்கில் வாங்கக் காசில்லாதவர் இதை வைத்தே ஜிலேபிக்கான மிதவை ஃப்ளையை ஒப்பேற்றிவிடலாம். 5க்கு 5 கொடுக்கத் தகுந்த ஒரே சாலையோர இறகு இதுதான்.

கழுவும் சரக்கு

ரத்தம் பட்ட இறகைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் போடவேண்டும். வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும். வெள்ளை இறகில் மிச்சம் நிற்கும் கறைக்கு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு ஒற்றி உடனே அலசவேண்டும்.

பிறகு சோப்பு. நான்கு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்குப் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு தேக்கரண்டி, இருபது நிமிடம். கொசுவலைத் துணியில் பை தைத்து உதிரி இறகை அதில் போட்டு அமுக்கி அமுக்கி எடுக்கலாம். காம்பிலிருந்து நுனிக்குத்தான் தடவவேண்டும், கசக்கக்கூடாது. மூன்று முறை அலசல். வாத்துக்கு இதையே இரண்டு தடவை செய்யவேண்டும்.

துணி துவைக்கும் தூள் வேண்டாம். பல தூள்களில் கறையைத் தின்னும் நொதி இருக்கிறது. அது புரதத்தைத்தான் தின்னும், இறகும் புரதம்தான். காரமும் அதிகம், காய்ந்தபின் இழை நொறுங்கும். சீயக்காய் இறகுக்குத் தீங்கில்லை, ஆனால் வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். பூந்திக்கொட்டை நுரை நன்றாகவே சுத்தம் செய்கிறது. திரவம் கிடைக்காத இடத்தில் அதைத் தாராளமாக நம்பலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத்தண்ணீர் ஆழ்குழாயில் கடைசி அலசலைச் செய்தால் காய்ந்தபின் இறகில் வெள்ளைப் பொடி பூக்கும். மழைநீரில் அலசுங்கள், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் பளபளப்பும் திரும்பும். வளைந்து போன இறகை, சமையலுக்கு எடுக்காத பழைய இட்லிக் கொப்பரை ஆவியில் பத்து விநாடி காட்டினால் நிமிர்ந்துவிடும்.

கல்லுப்பா, வெண்காரமா

கழுத்துத் தோலை முழுசாக வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில். வேதாரண்யம் உப்பு வீட்டு வாசலில் கிடைக்கும்போது வேறு எதற்கு என்று தோன்றும். இறைச்சிக்கும் கருவாட்டுக்கும் அது பொருந்தும். இறகுத் தோலுக்குப் பொருந்தாது, காரணம் நம் காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். பங்குனியில் கல் மாதிரி காய்ந்த தோல் ஐப்பசி அடைமழையில் மறுபடி வியர்க்கும், பூஞ்சை ஏறும், நாறும். அந்தத் தோலிலிருந்து எடுத்த இறகால் கட்டிய ஃப்ளையில் முள் துருப்பிடிப்பதும் அதே உப்பால்தான். கல்லுப்புக்கு 5க்கு 1.

படிகாரம் தோலை இறுக்கும், ஆனால் ஊறப்போட்டு எடுக்கும் வேலை. இறகு நனைந்து சீர்குலையும். கழுத்துத் தோல் ஒன்றுக்காக அது தேவையில்லை.

வெண்காரம் (போராக்ஸ்) வாங்குங்கள். நாட்டு மருந்துக்கடையில் கட்டியாகவும் பொடியாகவும் கிடைக்கும். கட்டியை வாங்கி நீங்களே பொடித்துச் சலிப்பது நல்லது. பொடியாக விற்பதில் சில நேரம் வேறு உப்பு கலந்திருக்கும். ஈரத்தை மறுபடி இழுக்காது, வண்டுக்கும் பிடிக்காது. உணவில் சேரக்கூடாத பொருள். சமையலறை டப்பாவில் வைக்காதீர்கள். 5க்கு நாலரை. அரை மதிப்பெண் குறைப்பது, கொழுப்பை அது ஒன்றும் செய்யாது என்பதால்.

கொழுப்புதான் உண்மையான எதிரி. கோழித் தோலின் மஞ்சள் கொழுப்பை விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் உருகி இறகின் காம்பு வழியாக ஏறி, இறகை ஒட்டும் பிசினுமாக ஆக்கிவிடும். கழுத்தின் பின்பக்கம் தலைக்குக் கீழே தொடங்கி, தோள்வரை நீள்சதுரமாகக் கத்தரித்து உரித்ததும், மழுங்கிய கரண்டி விளிம்பால் தோலின் உட்புறத்தைச் சுரண்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுரண்டவேண்டும். எதிராகச் சுரண்டினால் கிழியும். கொழுப்பை உறிஞ்ச மரத்தூள் தூவித் தேயுங்கள். டெல்டாவில் கைக்கெட்டுவது தவிடு; அதைப் போடவேண்டாம். பச்சைத் தவிட்டிலேயே எண்ணெய் இருக்கிறது, பூச்சியையும் அழைத்து வரும்.

பிறகு கழுவி, இறகுப்பக்கம் உலர்ந்ததும், இரண்டு மேசைக்கரண்டி வெண்காரப் பொடியை உட்புறம் அழுத்தித் தேய்த்து, இறகு கீழே இருக்கும்படி அட்டையில் பரப்பி ஓரத்தில் குண்டூசி குத்துங்கள். இழுத்துக் குத்தினால் காயும்போது இறகு வரிசை கலையும். இரண்டாம் நாள் அட்டை எண்ணெய் குடித்திருக்கும். மாற்றிவிட்டுப் புதுப் பொடி போடவேண்டும். நிழலில், மின்விசிறிக் காற்றில், தை மாசியில் பத்து நாள், அடைமழையில் மூன்று வாரம். வெயிலில் வைத்தால் செவலை வெளிறும், கொழுப்பு உருகும். மடக்கினால் காகிதம் போல விறைத்து நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

மிச்ச உடலை வாய்க்காலில் வீசுவது குற்றத்துக்குச் சமம். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தள்ளி, இரண்டடிக்கு மேல் தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இல்லையென்றால் அன்றிரவே நாய் கிளறிவிடும்.

வண்டும் அந்துப்பூச்சியும்

எவ்வளவு சுத்தம் செய்தாலும் தோல்வண்டின் முட்டை ஒன்று தப்பினால் போதும், மூன்று மாதத்தில் டப்பா முழுக்கத் தூள். புதிதாக வந்த எந்த இறகையும் பழையதோடு உடனே சேர்க்காதீர்கள். ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, உறைபெட்டியில் ஒரு வாரம், வெளியே இரண்டு நாள், மறுபடி ஒரு வாரம். இடையில் வெளியே எடுப்பது, குளிரில் உறங்கும் முட்டையைப் பொரிக்க விட்டு மறுபடி கொல்வதற்கு. பையைத் திறக்குமுன் அறைச் சூட்டுக்கு வரவிடவேண்டும். குளிரோடு திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். ஒரு பகல் முழுக்க மின்தடை என்றால் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் முதலிலிருந்து தொடங்குங்கள். உணவு வைக்கும் தட்டில் வேண்டாம், தனிப் பெட்டியில் மூடி வையுங்கள்.

நாப்தலின் உருண்டை வண்டை விரட்டும், ஆனால் கண்ணாடி போன்ற மலிவு பிளாஸ்டிக் டப்பாவை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும், படுக்கையறையில் வைக்கத் தகுந்த நாற்றமும் இல்லை. வேப்பிலை காய்ந்ததும் வாசமே போய்விடுகிறது, நம்ப முடியாது. ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் கண். இந்த மூன்றும்தான் வேலை செய்கிறது.

சாயம்

இதில் டெல்டாக்காரருக்கு ஒரு வசதி. திருபுவனம், கும்பகோணம் பக்கத்துப் பட்டுத்தறிகளுக்கு விற்கும் அமிலச் சாயம் இறகிலும் அப்படியே ஏறும். பட்டும் இறகும் புரதம். பருத்திச் சாயம் வாங்கினால் வெளிறிப் போகும். வெள்ளை வாத்தின் இறகு, வெள்ளைக் கோழியின் இடுப்பிறகு இரண்டையும் இருமுறை சோப்பில் கழுவி, ஈரமாகவே சாயத்தில் போடவேண்டும். எண்ணெய் மிச்சமிருந்தால் திட்டுத்திட்டாக ஏறும். லிட்டருக்குச் சாயம் கால் தேக்கரண்டி, வினிகர் மூன்று மேசைக்கரண்டி, சூடு 60 முதல் 70 டிகிரி, அரைமணி நேரம். கொதிக்க விட்டால் நடுநரம்பு முறுகும். ஈரத்தில் தெரியும் நிறத்தை விட உலர்ந்தது ஒரு படி வெளிறித்தான் இருக்கும். மஞ்சள்தூள் நல்ல நிறம் தரும், வெயிலில் நிற்காது.

கடைப் பொட்டலத்தோடு ஒப்பிட்டால்

இணையத்தில் கிடைப்பது மூன்று வகை. ஒன்று, வெளிநாட்டில் ஃப்ளைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த சேவலின் தோல். இதில் பெயர்பெற்ற வைட்டிங் பண்ணை அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரும் டெல்டாதான். அவற்றின் இடுப்பிறகு ஒன்றிலேயே இரண்டு, மூன்று சின்ன ஃப்ளை சுற்றலாம். இழை நீளம் அடி முதல் நுனிவரை மாறாது, பஞ்சே இருக்காது. நம் சாலையோரச் சேவலை இதோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை. 14, 16ஆம் எண் முள்ளில் மிதக்கும் ஃப்ளை கட்டவேண்டும் என்றால் இதை வாங்குங்கள். முழுத் தோல் வேண்டாம், கால் பங்குத் துண்டு அல்லது முள் அளவுக்குப் பிரித்த சின்னப் பொட்டலம் ஆண்டுகளுக்கு வரும்.

இரண்டாவது, இந்தியன் கேப் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கும் நம் நாட்டுச் சேவல் கழுத்து. விலை குறைவு. இறகு குட்டை, ஒரு ஃப்ளைக்கு இரண்டு இறகு தேவைப்படும். இதை வாங்குவதை விட மேலே சொன்னபடி ஒரு கழுத்துத் தோலை நீங்களே பதப்படுத்துவது மேல், சண்டைச் சேவல் கிடைத்தால் நிச்சயமாக. மூன்றாவது, கலப்பு நிற உதிரிப் பொட்டலம். அலங்காரப் பூ, தொப்பிக்கு வெட்டிய இறகின் மிச்சம் அது; சாயம் தண்ணீரில் இறங்கும், நுனி முறிந்திருக்கும். எந்தப் பறவை என்றே எழுதாத பொட்டலத்தைச் சட்டத்துக்காகவும் தவிர்க்கவேண்டும்.

கழுத்துத் தோல் வாங்குகிறவர்கள் பொட்டலம் வந்ததும் செய்யவேண்டிய சோதனை நான்கு. தோலின் உட்புறம் மஞ்சளாக மின்னுகிறதா என்று பாருங்கள்; மின்னினால் கொழுப்பு. உட்புறத்தில் நாக்கு நுனி வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். வெள்ளைப் படிகம் பூத்தால் உப்பு. நடுவில் ஓர் இறகைப் பிரித்து விரலில் வளையுங்கள். இழை விசிறி போல விறைத்து நிற்கவேண்டும், அதன் நீளம் நீங்கள் கட்டும் முள்ளின் வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும். கடைசியாக, வெள்ளைத் தாளின் மேல் தோலை இரண்டு தட்டுத் தட்டுங்கள். பழுப்புத் தூளோ மயிரடர்ந்த சின்னப் புழுக்கூடோ விழுந்தால் பையை மூடி நேராக உறைபெட்டிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் கடைக்காரருக்குப் படத்தோடு எழுதுங்கள்.